முன்பு என்ன வேலை?

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர். 'டி' ரயில் பிடித்தால் நாலாவது தரிப்பு கார்ஜ்-சார்செல். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே இறங்குகிறவர்களுக்குள் சலங்கைப் பையோடு வரும் பிள்ளைகள் இருப்பார்கள், மிருதங்கத்தை முதுகில் போட்டவர் இருப்பார், துணி கட்டிய பெரிய சட்டியோடு ஒரு தகப்பன் இருப்பார். கார்ஜ் லே கொனெஸிலோ பக்கத்து ஊரிலோ ஏதோ ஒரு மண்டபத்தில் நடனப்பள்ளி ஆண்டு விழா நடக்கிறது என்று அர்த்தம். அந்த மண்டபத்துக்குள் போனால் மேடையைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஒருவரைக் காணலாம். கையில் ஒரு கொத்துத் திறப்பு, காதில் கைபேசி. ஒலிபெருக்கிக்காரர் வந்துவிட்டாரா, பிரதம விருந்தினர் எந்தத் தரிப்பில் நிற்கிறார், மண்டபத்தை எத்தனை மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

அவரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால் உணவகத்தில் சமையல் என்பார், கணக்காளர் அலுவலகம் என்பார், பொதி அனுப்பும் கடை என்பார். மண்டபத்தில் செய்துகொண்டிருப்பதை வேலை என்று சொல்லமாட்டார். "சும்மா ஒரு உதவி" என்பார்.

அந்தச் சும்மாவுக்கு இலங்கையில் கலை முகாமைத்துவம் என்று பெயர். தமிழ்நாட்டில் கலை மேலாண்மை. அதைக் கற்பிக்க உலகில் பல இடங்களில் ஃபெலோஷிப் திட்டங்கள் நடக்கின்றன. அவற்றின் விண்ணப்பங்களில் ஒரு கேள்வி தப்பாமல் இருக்கும்: இதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள்? அந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

கதவடியில் நிற்பவரின் வேலை

ஒரு நிகழ்ச்சி நடக்கக் கலைஞர், இடம், பணம், பார்வையாளர் என்ற நாலும் ஒரே நாளில் ஒரே கூரைக்குக் கீழ் வந்து சேர வேண்டும். தாமாக அவை ஒருநாளும் சேர்வதில்லை. மண்டபம் கிடைக்கிற கிழமையில் பக்கவாத்தியக்காரர் லண்டனில் இருப்பார். அனுசரணை தருகிற கடைக்காரர் சித்திரைக்குப் பிறகு பார்ப்போம் என்பார். நாலையும் இழுத்து ஒரு நாளில் கட்டுவதுதான் இந்த வேலை.

பிரான்சில் ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, காகிதம். குழுவுக்குச் சட்டப்படி ஓர் உருவம் வேண்டும். அதற்குப் பெரும்பாலோர் எடுப்பது 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான சங்கம். இரண்டு பேர் சேர்ந்தாலே போதும், யாப்பை எழுதி அரச அலுவலகத்தில் அறிவித்துவிடலாம். நிகழ்ச்சி நடத்துவதையே பிரதான தொழிலாகக் கொள்ளாதவர்கள் ஆண்டுக்கு ஆறு நிகழ்ச்சி வரை உரிமம் இல்லாமல் நடத்தலாம். ஏழாவதுக்குப் போனால் நிகழ்ச்சி அமைப்பாளருக்கான உரிமம் வேண்டும். அதில் மூன்று வகை உண்டு. அரங்கை நடத்துபவருக்கு ஒன்று, நிகழ்ச்சியைத் தயாரிப்பவருக்கு ஒன்று, பிறர் தயாரித்ததை மேடையேற்றுபவருக்கு ஒன்று. 2019 ஒக்டோபரிலிருந்து இது அறிவித்துப் பெறுவதாக மாறியிருக்கிறது. ஐந்து ஆண்டு செல்லும்.

மிருதங்கக்காரருக்குக் காசைக் கடித உறைக்குள் வைத்துக் கொடுப்பது எங்கள் வழமை. இங்கே அது சட்டப்படி ஊதியம். எப்போதாவது நிகழ்ச்சி வைப்பவர்களுக்கென்று 'குசோ' என்ற ஒற்றைச் சாளரம் இருக்கிறது. அதில் ஒரே படிவத்தில் ஒப்பந்தம், சமூகக் காப்புறுதிக் கட்டணங்கள் எல்லாம் முடிந்துவிடும். அதைச் செய்யாமல் விட்டால் அரசுக்கு மட்டும் நட்டமில்லை. 12 மாதத்தில் 507 மணி நேர வேலையைக் காட்டும் மேடைக் கலைஞருக்கு, வேலையில்லாத நாள்களிலும் பிரான்ஸ் ஒரு கொடுப்பனவு தருகிறது. கடித உறைக்குள் போன மணித்தியாலம் அந்த 507க்குள் வராது. மரியாதை என்று நினைத்துச் செய்வது கலைஞரின் கணக்கிலிருந்து திருடுவதாக முடிகிறது.

இவ்வளவையும் பிறவியிலேயே யாரும் கற்பதில்லை. பாட்டுக்காரரின் பிள்ளை ஐந்து வயதில் சரளி வரிசை தொடங்குகிறது. நிகழ்ச்சி நடத்தப்போகிற பிள்ளைக்கு அப்படி ஒரு முதற்பாடம் இல்லை. ஆகையால் இந்த வேலைக்கு வருகிற எல்லோரும் வேறெங்கோ இருந்துதான் வருகிறார்கள், வரும்போது முந்தைய தொழிலின் அளவுகோலையும் கொண்டு வருகிறார்கள். அந்தக் கோல் சிலதைத் துல்லியமாக அளக்கும், சிலதை அளக்கவே மாட்டாது. இதற்கு நல்ல சான்று, நாங்கள் தினமும் கடந்துபோகிற ஒரு கட்டடம்.

லா சப்பலில் ஒரு பழைய அரங்கு

லா சப்பல் மெத்ரோவுக்கு அருகே, தலைக்கு மேல் இரண்டாம் இலக்க ரயில் ஓடும் பெருந்தெருவில், 37 பிஸ் இலக்கத்தில் புஃப் து நோர் அரங்கு இருக்கிறது. மரக்கறி வாங்கவும் தாலிக்கொடி பார்க்கவும் லா சப்பல் வருகிறவர்களில் பலர் அதை ஏதோ பழைய கட்டடம் என்று தாண்டிப் போயிருப்பார்கள். 1876இல் கட்டியது. 1952இல் மூடி, இருபது ஆண்டுக்கு மேல் பாழாய்க் கிடந்தது. பீட்டர் புரூக் என்ற ஆங்கிலேய இயக்குநர் 1974இல் ஷேக்ஸ்பியரின் 'ஏதென்ஸ் நகரத்து டைமன்' நாடகத்தோடு அதைத் திறந்தார். இப்படித்தான் வரலாறு சொல்லப்படுகிறது. ஆனால் பூட்டிக் கிடந்த அரங்கு ஒன்று கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று புரூக்குக்குச் சொன்னவர் மிஷ்லின் ரோசான். இருவரும் சுவரில் இருந்த ஓட்டைக்குள்ளால் தவழ்ந்து உள்ளே போனதைப் புரூக் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ரோசான் அதற்கு முன் நடிகர்களின் முகவர். ஒரு நடிகர் எந்தக் கிழமை வெறுமையாக இருக்கிறார், எந்த வேடத்துக்கு ஏங்குகிறார், எவ்வளவுக்கு இறங்கி வருவார் என்று அறிந்திருப்பதே முகவரின் தொழில். அதாவது அவர் அளந்தது கலைஞரின் காலத்தை. 1970இல் புரூக்கோடு சேர்ந்து அவர் தொடங்கிய நாடக ஆய்வு மையம் பல நாட்டு நடிகர்களை ஒன்றாக வைத்து, மாதக்கணக்கில் மேடையேறாமலே பயிற்சி செய்ய விட்டது. நாற்காலியை மட்டும் எண்ணுகிற ஒருவர் அதற்குச் சம்மதித்திருப்பாரா? சுவரின் கறையையும் கீறலையும் மெழுகாமல் அப்படியே விட்டார்கள், நுழைவுச்சீட்டு விலையைக் குறைவாக வைத்தார்கள். பாழ்பட்ட சுவரே அந்த அரங்கின் அழகாகிப்போனது.

இந்தக் குழுவின் ஒன்பது மணி நேர 'மகாபாரதம்' 1985இல் அவிஞ்ஞோன் விழாவில், ஒரு கற்குவாரியில் முதலில் ஆடப்பட்டது. திரௌபதி மல்லிகா சாராபாய். பிறகு அது லா சப்பலுக்கு வந்தது. அதே 1985இல்தான் சில தெருக்கள் தள்ளி மாணிக்க விநாயகர் ஆலயம் தொடங்கியது. இலங்கையில் யூலை 83 இனக்கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கியவர்கள் அங்கே கற்பூரம் கொளுத்திக்கொண்டிருக்க, கூப்பிடு தூரத்தில் பாண்டவர் பிரெஞ்சு பேசினார்கள்.

ரோசானுக்குப் பின் அந்த அரங்கின் நிர்வாகத்துக்கு வந்தவர்களின் முந்தைய தொழில்களும் மாறின. புரூக் கடைசியில் பொறுப்பை இருவரிடம் ஒப்படைத்தார். ஒலிவியே மான்தே இசை நிகழ்ச்சிகளின் வழியாக வந்தவர், ஒப்பெரா கொமிக்கில் பணியாற்றியவர். ஒலிவியே பூபெல் ரொக், ஜனரஞ்சகப் பாடகர்களின் கச்சேரிகளைத் தயாரித்தவர். அவர்கள் கைக்கு வந்த பிறகு அரங்கில் நாடகத்தின் பக்கத்தில் இசைக்கும் பெரிய இடம் கிடைத்தது. அதே கறைச் சுவர்தான், ஏறக்குறைய 500 இருக்கைதான். வந்தவர் கொண்டுவந்த கோல் வேறாக இருந்ததால் அளந்து எடுத்ததும் வேறாயிற்று.

நிர்வாகி என்று தனி ஆள் முன்னே நிற்காத வழியும் பாரிஸில் உண்டு. 1964இல் கூட்டுறவாகத் தொடங்கிய தியாத்ர் து சொலேயில் எல்லோருக்கும் ஒரே சம்பளம். நடிகர்களே பார்வையாளருக்குச் சாப்பாடு பரிமாறுவார்கள், இயக்குநர் அரியான் முனுஷ்கின் வாசலில் நின்று சீட்டுக் கிழிப்பார். அக்குழு 2016இல் மேடையேற்றிய 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்துக்குத் தெருக்கூத்துக் கற்றுக்கொடுத்தவர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் தம்பிரான். ஆடுகிறவரே விளக்குக்கு எண்ணெயும் பார்ப்பது புரிசைக் கூத்துக்காரருக்குப் புதிதாக இருந்திராது.

வக்கீல், வைத்தியர், வாத்தியார்

தமிழ்ப் பக்கம் திரும்பினால் முந்தைய தொழிலின் கை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சென்னையில் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்தவர். கூத்தாடி என்று ஏளனம் செய்த ஊரில் படித்த உத்தியோகத்தர்களை வேஷம் கட்டவைத்தது அந்தச் சபை. அங்கத்தவர், சந்தா, கூட்டம், தீர்மானம் என்று அதன் உடம்பெல்லாம் சட்டப் புத்தகத்தின் வாசனை. அதைப் பார்த்து ஈழத்தில் கலையரசு சொர்ணலிங்கம் முன்னின்று நடத்தியது 1913இன் இலங்கா சுபோத விலாச சபை. இன்று கார்ஜில் ஒரு சங்கம் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயரை எழுதிப் பதியும்போது பிரெஞ்சுச் சட்டம் மட்டும் அங்கே பேசவில்லை. அந்த வக்கீல்களின் பழக்கமும் பேசுகிறது.

1928இல் தொடங்கிய சென்னை மியூசிக் அகாடமியின் முதல் தலைவர் உ. ராமராவ் ஒரு வைத்தியர். அதன் செயலாளர்களில் ஒருவரான ஈ. கிருஷ்ண ஐயர் வக்கீல், பரதநாட்டியத்தின் முந்தைய வடிவான சதிரைத் தானே பெண் வேடமிட்டு ஆடியவர். சதிரை ஒழிக்கவேண்டும் என்ற குரல் உயர்ந்த காலத்தில், 1931இல், இசைவேளாளர் மரபில் வந்த கல்யாணி புதல்வியரின் ஆட்டத்தை அகாடமி மேடையில் ஏற்றியதில் அவர் முன்னின்றார். பத்திரிகைகளில் எதிர்த்தரப்போடு வாதாடினார். நிகழ்ச்சி அமைப்பை அவர் ஒரு வழக்காக நடத்தினார், வென்றார். ஆனால் வழக்கு கலைக்காக நடந்தது. கலை மேடையில் நின்றுவிட்டது, அதை வழிவழியாக ஆடிவந்த குடும்பங்களில் பெரும்பாலானவை மேடையை விட்டு இறங்கின. அது ஒரு மனிதரின் குற்றமல்ல, பல கை சேர்ந்த விளைவு. என்றாலும் கோலுக்கு அகப்படாதது எது என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலை வாத்தியார்களின் கைக்கு வந்தது. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியை உருவாக்கிய குழந்தை ம. சண்முகலிங்கம் ஆசிரியர். பள்ளிக்கூட மண்டபம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், பள்ளிக்கூட மணி என்று நெருக்கடிக் காலத்திலும் நாடகத்தை உயிரோடு வைத்திருக்கிற வசதிகளெல்லாம் வாத்தியாருக்குத்தான் வாய்த்தன. வாத்தியார் அளப்பது பிள்ளைகளை, ஒருவரும் விடுபடக் கூடாது. புலம்பெயர்ந்த ஆண்டு விழாக்கள் இரவு பதினொன்று வரை இழுபடுவதன் வேர் இங்கே இருக்கிறது. முப்பது பிள்ளையும் மேடையேறியாக வேண்டும். அது அன்புதான். பதின்மூன்றாவது உருப்படியில் எழுந்து போகிற பார்வையாளர்தான் அந்தக் கணக்கில் வராதவர்.

காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தின் கதை இன்னொரு வகை. 1990இல் தொடங்கிய அச்சங்கத்தில் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலோடு நின்று நிர்வாகத்தைத் தூக்கியவர் ஹன்னே டி புருயின், கூத்தை ஆராய வந்த நெதர்லாந்துக்காரர். 2002இல் குருகுலமும் அமைத்தார்கள். பிள்ளைகள் கூத்தோடு பள்ளிப்படிப்பும் படித்தார்கள். ஆய்வாளர் கொண்டுவந்த பழக்கம் பதிவு செய்வது. யார் எதை ஆடினார், எப்படி ஆடினார், வெளியார் அதை ஏன் மதிக்கவேண்டும் என்று எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால், நிதி தருகிறவரிடம் பேசக் கூத்துக்காரருக்கு இன்னொரு வாய் கிடைக்கிறது.

ஃபெலோஷிப் என்ன செய்கிறது

இப்படி வெவ்வேறு வாசலால் வந்தவர்களை ஓர் அறையில் இருத்துவதுதான் ஃபெலோஷிப். வாஷிங்டனில் கென்னடி மையத்தின் தலைவராக இருந்த மைக்கேல் கைசர் 2001இல் ஒரு கலை முகாமைத்துவப் பயிலகத்தைத் தொடங்கினார். 2014இல் அது மேரிலாந்து பல்கலைக்கழகத்துக்கு மாறியது. கைசரின் முந்தைய தொழிலே இங்கு பாடம். ஒப்பெராப் பாடகராக ஆசைப்பட்டு, வணிகம் படித்து, பெரிய கம்பெனிகளுக்கு ஆலோசகராக இருந்து, பிறகு கடனில் தவித்த நடனக்குழுக்களை ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்தியவர். ஆலோசகர் அளப்பது வருங்காலத்தை. நாலைந்து ஆண்டு முன்னே திட்டமிடு, நல்ல கலையைச் செய், அதைத் துணிந்து விளம்பரம் செய் என்பதுதான் அவர் சொல்லிவந்தது. பல நாடுகளிலிருந்து வந்த ஃபெலோக்கள் கோடையில் ஒரு மாதம் என்று மூன்று ஆண்டு வந்தார்கள், மிச்சக் காலம் தங்கள் ஊரில் தங்கள் குழுவிலேயே வேலை. கற்றது பலிக்கிறதா என்று அடுத்த கோடைக்கு முன் ஊரே சொல்லிவிடும்.

தெற்காசியாவுக்கென்று கோதே நிறுவனத்தின் முயற்சியில் 'ஆர்ட்திங்க் சவுத் ஏஷியா' வந்தது. அதன் ஃபெலோக்கள் சில காலம் வெளிநாட்டுக் கலை நிறுவனம் ஒன்றில் உட்கார்ந்து வேலை பழகினார்கள். இந்தியாவில் நாடகக் குழுக்களுக்கென்றே 'ஸ்மார்ட்' என்ற பயிற்சியை இந்திய நாடக மன்றம், ஜுனூன், பெங்களூரின் இந்தியக் கலை அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து நடத்தின.

இத்தகைய வகுப்பில் யார் யார் இருப்பார்கள்? ஆடிக்கொண்டே கணக்கும் பார்க்கிற நடனக்காரர். சோப்பு விற்றுச் சலித்து நாடகத்துக்கு வந்த விற்பனைக்காரர். தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதிப் பழகியவர். பத்திரிகைக்காரர், ஒளியமைப்பாளர், வக்கீல். நடனக்காரருக்குக் கலைஞரின் களைப்புத் தெரியும், தன் உழைப்புக்கு விலை போடத் தெரியாது. விற்பனைக்காரருக்கு விலை தெரியும், ஒத்திகைக்கு ஏன் ஆறு கிழமை என்று விளங்காது. அறிக்கைக்காரர் நிதியைக் கொண்டுவருவார், நிதி தருகிறவரின் சொல்லையே கலையின் சொல்லாகவும் பேசத் தொடங்கிவிடுவார். ஒருவருடைய குருட்டுப் பக்கம் பக்கத்துக் கதிரைக்காரருக்குப் பளிச்சென்று தெரியும். பாடத்திட்டம் என்னவாக இருந்தாலும் உண்மையான படிப்பு அங்கேதான் நடக்கிறது. தெரிவுக் குழு முந்தைய தொழிலைக் கேட்பது அதனால்தான். எல்லோரும் ஒரே கோலோடு வந்தால் வகுப்பால் பயனில்லை.

கார்ஜின் விண்ணப்பம்

இனி அந்தக் கதவடி ஆளிடம் திரும்புவோம்.

அவர் பாரிஸ் உணவகச் சமையலறையில் இருபது ஆண்டு நின்றவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மீஸ் ஆன் பிளாஸ்' என்ற பிரெஞ்சுச் சொல் அவருக்கு உப்புப் போல. முதல் வாடிக்கையாளர் கதிரையில் இருக்கமுன் வெங்காயம் வெட்டி, சோஸ் இறக்கி, எல்லாம் கைக்கெட்டிய இடத்தில் இருக்கவேண்டும். மேடை முகாமைக்கு இதைவிட நல்ல ஆயத்தம் எது? பொதி அனுப்பும் கடைக்காரருக்குச் சுங்கப் படிவம் தெரியும், தவிலும் உடுப்புப் பெட்டியும் எப்போது வந்து சேரும் என்று நாளோடு சொல்வார். கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்யும் மகளுக்கு 'குசோ' படிவம் ஒரு பொருட்டில்லை. லா சப்பலின் தேர்த் திருவிழாவையும் இதே கண்ணால் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டும் கோடை முடியும் காலத்து ஞாயிறு ஒன்றில் பாரிஸின் தெருக்களை மறித்து, காவல்துறையோடு பேசி, காவடிக்கும் நாதஸ்வரத்துக்கும் வழிவிட்டு, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்து, உடைந்த தேங்காயைக் கூட்டி அள்ளுகிறார்கள். இதைச் செய்கிறவர்கள் பெரிய திறந்தவெளி அரங்காற்றுகையை நடத்துகிறவர்கள்தான்.

கோலுக்கு அகப்படாதவையும் உண்டு. கடைக்காரர் அனுசரணைக்குக் கைமாறாக மேடையையே கொடுத்துவிடுவார். பொன்னாடையும் உரையுமாக நாற்பது நிமிடம் போகும், பிள்ளையின் வர்ணம் பாதியாகும். சமையற்காரர் தன் மூன்று இரவு உழைப்பைச் செலவுப் பக்கத்தில் எழுதமாட்டார். அதனால் கணக்கு மிச்சம் காட்டும், ஆள் மட்டும் ஐந்தாம் ஆண்டில் அலுத்து ஒதுங்குவார். அவருக்குப் பதில் இன்னொருவரைத் தேடும்போதுதான் அந்த உழைப்பின் விலை தெரியவரும்.

எல்லாவற்றிலும் பெரிய விடுபடல் ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு அரங்கொன்றுக்குள் நுழைய மூன்று வாசல் உண்டு. முதலாவதில் அரங்கு உங்கள் நிகழ்ச்சியைப் பேசிய விலைக்கு வாங்கும், சீட்டு விற்காவிட்டால் நட்டம் அதனுடையது. இரண்டாவதில் வசூலை இருவரும் பங்கிடுவீர்கள். மூன்றாவதில் நீங்கள் வாடகை கட்டுவீர்கள், இலாபமும் நட்டமும் உங்கள் தலையில். நாற்பது ஆண்டாகப் பெரும்பாலும் மூன்றாம் வாசலாலேயே போய்வருகிறோம். கார்ஜில் 2023இல் திறந்த 'கூப்' கலாச்சார நிலையத்தில் நூலகமும் அரங்கும் இசைப்பள்ளியும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. அப்படியான இடத்தை ஒரு நாளைக்கு எடுப்பது எப்படி என்று எங்களில் பலர் கேட்பார்கள். அதன் பருவ நிகழ்ச்சி நிரலில் வருவது எப்படி என்று கேட்பவர் குறைவு. இரண்டாவது கேள்விக்கு நிகழ்ச்சியைப் பற்றிய கோப்பு வேண்டும், விலை வேண்டும், ஒரு பருவம் முன்னதாகப் பேச்சு வேண்டும். ஃபெலோஷிப் ஒன்று இவருக்குக் கற்பிக்க வேண்டியதும் இதுதான், மிச்சத்தைச் சமையலறை ஏற்கெனவே கற்பித்துவிட்டது.

பதிலுக்கு அவரிடம் கற்க வேண்டியதும் உண்டு. சுவரொட்டி ஒன்றுமில்லாமல், கைபேசியை மட்டும் வைத்து, அப்பம்மா முதல் கைக்குழந்தை வரை மூன்று தலைமுறையை ஞாயிறு பின்னேரம் ஒரு மண்டபத்துக்குள் கொண்டுவருவது எப்படி? புறநகர் அரங்குகளின் பார்வையாளர் தொடர்புப் பிரிவுக்கு விடை தேவைப்படுகிற கேள்வி அது.

ஆகவே, எப்போதாவது அப்படி ஒரு விண்ணப்பம் கைக்கு வந்தால், முந்தைய தொழில் என்ற கட்டத்தில் 'சமையல்' என்று மட்டும் எழுதிவிட்டு வெட்கப்பட வேண்டாம் அண்ணை. அதற்குக் கீழே அந்த உதவியையும் எழுதுங்கள்: எத்தனை ஆண்டு, எத்தனை விழா, ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர், எத்தனை சோற்றுப் பொதி, மண்டபத்தின் திறப்பை எத்தனை தடவை நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். 'சும்மா' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுங்கள்.